வட்டுக்கோட்டை வகுப்பறையில் ஒரு கிரகணம்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் மலர்க்குழுவினர் என்னிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டனர். கவிஞர்கள் கூடும் அவையில் வானியலைப் பற்றி எழுதுவது பொருந்துமோ என்று முதலில் தயங்கினேன். ஆயினும் நிலவைப் பாடாத கவிஞர் நம்முள் எவருமிலர். அந்நிலவைப் பாம்பு விழுங்குகிறதா, நாம் நிற்கும் இப்பூமியின் நிழல்தான் அதன்மேல் படிகிறதா என்னும் வினா, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்து வகுப்பறை ஒன்றில் வாக்குவாதமாக வெடித்தது. வினாவை எழுப்பியவர் அமெரிக்கப் பாதிரியார். கேட்டிருந்தவர்கள் பெரும்பாலும் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள். வினாவுக்கு இலக்கானவரோ குறவஞ்சி பாடிய ஒரு தமிழ்ப் புலவர். ஆகவே இது நம் அவைக்கு உரிய பொருளே எனத் துணிந்தேன்.

வரலாற்றுக்குள் புகுமுன் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நான் சிறுவனாயிருந்தபோது ஒரு சந்திர கிரகண நாளன்று எங்கள் ஆச்சி சமைத்த பாத்திரங்களின்மேல் தருப்பையைப் போட்டு மூடிவைத்துவிட்டு, கிரகணம் விட்டுக் குளிக்கும்வரை எவரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். அன்று காலைதான் பூமிசாத்திர ஆசிரியர் ஒரு மெழுகுதிரியையும் தோடம்பழத்தையும் தேசிக்காயையும் மேசைமேல் வைத்து, நிழல் எவ்வாறு விழுகிறது என்று காட்டியிருந்தார். அதற்கடுத்த வாரம் சமய பாட வகுப்பில் அண்டத்தின் அமைப்பைப் பற்றிப் பாடம் நடந்தது. பூமிக்கு மேலே சூரிய மண்டலம், அதற்கும் மேலே சந்திர மண்டலம் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டு போனார். “சந்திரன் சூரியனுக்கு அப்பால் இருந்தால் சூரிய கிரகணத்தன்று சூரியனை எப்படி மறைக்கும், ஐயா?” என்று எழுந்து நின்று கேட்டேன். ஐயா என் காதைத் திருகி, “அதிகம் கதையாதே” என்றார். தவணைப் பரீட்சையில் பூமிசாத்திரத் தாளில் நிழலையும் சமயத் தாளில் மண்டலங்களையும் எழுதினேன். இரண்டிலும் எனக்கு நல்ல புள்ளிகளே கிடைத்தன.

அந்த இரண்டு தாள்களும் நெடுநாள் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒரே மாணவன் ஒரே கையால் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு விடைகளை எழுத, அவ்விரண்டையும் ஒரே பாடசாலை சரியெனத் திருத்திக் கொடுத்தது. பின்னாளில் வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாற்றைப் படித்தபோது இவ்விரு தாள்களின் வயது எவ்வளவு என்பது ஓரளவு விளங்கிற்று.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் டானியல் பூவர். 1789இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்து, டார்ட்மத் கல்லூரியிலும் அந்தோவர் இறையியற் கல்லூரியிலும் பயின்றவர். தெல்லிப்பழையில் பணியாற்றிய இவர், 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் தலைமையை ஏற்று 1835வரை அப்பொறுப்பில் இருந்தார். ஆங்கிலம், தமிழிலக்கணம், சமஸ்கிருதம், யூக்கிளிட்டின் கேத்திரகணிதம், அட்சரகணிதம், இயற்கைத் தத்துவம், வானியல் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. கிறித்தவ மதத்தின் உண்மைக்கான சான்றுகளும் ஒரு பாடமாக இருந்தன. வானியலுக்கு அங்கே தனியிடம் இருந்தமைக்குக் காரணம் உண்டு. புராணம் கூறும் உலக அமைப்பைத் தகர்த்தால் புராணமே தகரும், புராணம் தகர்ந்தால் சைவம் தகரும் என்பது மிஷனரிமாரின் கணக்கு. இந்தக் கணக்கை அவர்கள் ஒளிக்கவில்லை.

அவர்கள் குறிவைத்த உலக அமைப்பு எது? நடுவில் எண்பத்து நாலாயிரம் யோசனை உயர்ந்த மேரு. அதைச் சூழ இலட்சம் யோசனை அகன்ற ஜம்புத்தீவு. அப்பால் உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என ஏழு கடல்களும் அவற்றிடையே தீவுகளும். இரவு என்பது சூரியன் மேருவின் மறைவில் செல்வது. கிரகணம் என்பது இராகுவின் பழிவாங்கல். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இவை ஏட்டில் மட்டும் இருந்த செய்திகள் அல்ல. கோயில் மண்டபத்தில் கந்தபுராணம் படித்துப் பயன்சொல்லும் வழக்கம் ஊர்தோறும் இருந்தது. அண்டகோசப் படலத்தைப் பிள்ளைகள் தாய் தந்தையர் பக்கத்தில் அமர்ந்தே கேட்டார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பின்னாளில் ‘கந்தபுராண கலாசாரம்’ என்று குறித்தது இந்த வாழ்க்கையைத்தான். அந்தப் பிள்ளைதான் வட்டுக்கோட்டையில் பூகோள உருண்டையைத் தொட்டுப் பார்த்தான்.

வட்டுக்கோட்டையை அடுத்த ஊர் அராலி. அங்கே பஞ்சாங்கம் கணிக்கும் அந்தணர் குடும்பம் ஒன்று பல தலைமுறையாக வாழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் 1667இல் வாக்கிய பஞ்சாங்கத்தைக் கணித்து வெளியிட்டவர் எனப் போற்றப்படும் இராமலிங்க முனிவரின் மரபு அது. 1820களில் அம்மரபின் பெயர்பெற்ற கணிதராக விளங்கியவர் விசுவநாத சாஸ்திரியார். நகுலமலைக் குறவஞ்சியைப் பாடியவரும் இவரே. நல்ல நாள், நட்சத்திரம், கிரகணம் அனைத்துக்கும் குடாநாடு இவருடைய ஏட்டையே எதிர்பார்த்திருந்தது.

வாக்கியக் கணிதம் என்பதைக் கவிஞர்களுக்குச் சற்று விரித்துரைப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு என்னும் கடபயாதி முறைப்படி, சந்திரன் ஒரு நாளில் வானில் நிற்கும் இடம் ஒரு சிறு சொற்றொடராக அமைக்கப்படும். அத்தகைய சொற்றொடர்கள் 248. அவை 248 நாள்களுக்கு உரியவை. அதாவது நிலவு பூமிக்கு அண்மையிலிருந்து அகன்று மீண்டும் அண்மைக்கு வரும் சுற்று ஒன்பது முறை நிகழும் காலம். அச்சொற்றொடர்களை மனப்பாடமாக வைத்திருப்பவன் சோழிகளைத் தரையில் பரப்பி, கூட்டியும் கழித்தும் கிரகணத்தைச் சொல்லிவிடுவான். வானத்தின் நடையை வாக்கியமாக்கி நாவில் ஏற்றி வைத்த இந்தக் கலையை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. சென்னையில் 1825இல் வெளிவந்த ‘கால சங்கலித’ என்னும் நூலின் ஆசிரியரான ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். தம் கணிதத்தின் கோட்பாட்டை விளக்க அறியாத அம்மனிதர், சோழிகளைக் கொண்டும் நினைவில் வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டும் 1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை. ஓட்டோ நொய்கபவர் என்னும் கணித வரலாற்றறிஞர் 1952இல் இந்நிகழ்ச்சியை எடுத்தெழுதி, தமிழ்நாட்டின் இம்முறையில் மிகப் பழைய பாபிலோனியக் கணித மரபின் தொடர்ச்சியைக் கண்டார். தொடக்கத்தை 4 நிமிடத்துக்குள் சொல்லத் தெரிந்த ஒரு கலை, முடிவில் ஏறக்குறைய ஒரு மணிநேரம் தவறியது. அதன் பெருமையும் நோயும் இவ்விரு எண்களிலும் இருக்கின்றன. கோட்பாடு மறந்துபோய் வாய்பாடு மட்டும் எஞ்சிய கலை, தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ள இயலாது.

இனி 1829ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் 20ஆம் நாள் இரவு ஒரு பகுதிச் சந்திர கிரகணம். சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் அதன் தொடக்கத்தையும் அளவையும் நீடிக்கும் காலத்தையும் முன்கூட்டியே சொல்லியிருந்தது. பூவர் ஐரோப்பிய அட்டவணைகளைக் கொண்டு கணித்துப் பார்த்தபோது மூன்றிலும் வேறுபாடு தெரிந்தது. தொடக்கத்தில் மட்டும் ஏறத்தாழக் கால்மணி நேரம். இந்த வேறுபாட்டை அவர் கிரகணத்துக்கு முன்பே வெளிப்படுத்தினார். அன்றிரவு நிலவு பாதிரியாரின் கணக்குப்படியே மறைந்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு விரிவாகக் கிடைப்பது மிஷனரிமார் தரப்பின் எழுத்துகள் வழியாகவே. வெற்றி கண்டவன் எழுதிய வரலாற்றை எவ்வளவு எச்சரிக்கையோடு படிக்க வேண்டுமோ அவ்வளவு எச்சரிக்கையோடு இதையும் படிக்க வேண்டும். ஆனால் நிலவு எத்தரப்பையும் சேர்ந்ததன்று. கணக்கு தவறியது என்பதை மறுப்பதற்கில்லை.

எனக்குள்ள தடை வேறு. பஞ்சாங்கம் தவறினால் புராணம் எவ்வாறு தவறாகும்? அராலியார் கிரகணத்தைக் கணித்தது இராகுவின் கோபத்தை அளந்து அல்ல. சூரியன், சந்திரன், இரண்டின் பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி, பூமி நிழலின் அகலம் ஆகியவற்றைக் கொண்ட சித்தாந்தக் கணிதத்தின் வழிவந்த முறை அது. அந்தச் சித்தாந்தத்தில் பூமி உருண்டை. அதன் விட்டம் சூரிய சித்தாந்தப்படி 1600 யோசனை. ஜம்புத்தீவு ஒன்றுக்கே இலட்சம் யோசனை சொல்லும் புராணம் அந்த 1600க்குள் எங்கே அடங்கும்? அந்தச் சித்தாந்தத்தில் சந்திரனே நமக்கு மிக அண்மையில் இருப்பது. புராணத்தில் அது சூரியனுக்கு அப்பால் உள்ளது. ஆகப் பஞ்சாங்கம் கணிப்பவன் சோழியை எடுக்கும்போதே புராணத்தின் வானத்தைக் கீழே வைத்துவிடுகிறான். கிரகணம் முடிந்து குளத்தில் மூழ்கி எழும்போது மீண்டும் அதை எடுத்துக்கொள்கிறான். என் இரண்டு பரீட்சைத் தாள்களும் அவனிடமும் இருந்தன.

பாதிரியாருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினா இந்நாட்டில் எழுந்துவிட்டது. 499இல் ஆரியபட்டர் கிரகணத்துக்கு நிழலையே காரணமாகச் சொன்னார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் இராகு விழுங்குகிறது என்னும் கொள்கையைக் கேள்விகளால் அலைக்கழித்தார். சந்திர கிரகணம் கிழக்கு விளிம்பில் தொடங்குகிறது, சூரிய கிரகணம் மேற்கு விளிம்பில் தொடங்குகிறது; விழுங்கும் வாய் ஒன்றாயின் இவ்வேறுபாடு ஏன்? ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லல்லர் தம் நூலில் பொய்யறிவு என்னும் தலைப்பில் ஓர் அத்தியாயமே வைத்து, தட்டையான பூமியையும் விழுங்கும் இராகுவையும் மறுத்தார். அந்நூலின் பெயர் ‘சிஷ்யதீவிருத்திதம்’. மாணாக்கரின் அறிவை வளர்ப்பது என்பது அதன் பொருள். வகுப்பறையில் புராணத்தைக் கேள்வி கேட்பதற்கென்றே எழுதப்பட்ட பாடநூல் நம்மிடம் இருந்தது என்பதை வட்டுக்கோட்டையில் எத்தனை பேர் அறிந்திருந்தனரோ! லல்லரையும் நான் தெய்வமாக்க விரும்பவில்லை. பூமி சுழல்கிறது என்று ஆரியபட்டர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. பூமி சுழன்றால் கூட்டை விட்டுப் பறந்த பறவை மீண்டும் கூட்டை எவ்வாறு அடையும் என்று கேட்டார். தவறான விடைக்கு இட்டுச் சென்றாலும் அது நல்ல கேள்வி.

இன்னொருவரையும் இங்கே நினைத்தாக வேண்டும். 628இல் பிரமகுப்தர் தம் பெருநூலில் நிழலின் அளவைத் துல்லியமாகக் கணிக்கும் வழி சொல்லிவிட்டு, அதே நூலில் இராகுவை மறுப்போர் வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் புறம்பானவர் என்று கண்டித்தார். ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி இவ்விடத்தைப் படித்துத் திகைத்தார். அறிந்தே ஏன் இப்படி எழுதினார் என்று வினவி, சாக்ரட்டீசுக்கு நேர்ந்த கதி தமக்கும் நேருமோ என்ற அச்சமாயிருக்கலாம் என ஊகித்தார். பிரமகுப்தரின் நெஞ்சில் இருந்தது அச்சமா, பக்தியா, பழக்கமா என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்குப் புள்ளி போட்ட இரு ஆசிரியர்களும் ஓய்வறையில் ஒரே வாங்கில் அமர்ந்து தேநீர் குடித்தவர்கள். அவர்கள் இதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியதை நான் கண்டதில்லை.

வாய்பாடு தவறும்போது அதைத் திருத்துவதற்கும் இம்மரபிலேயே வழி இருந்தது. நிளா ஆற்றங்கரையில் ஆலத்தூரில் வாழ்ந்த பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்தார். கண்டது கணக்கோடு பொருந்தாதபோது கணக்கைத் திருத்தி 1431இல் புதிய முறை ஒன்றை வகுத்தார். அதன் பெயர் திருக்கணிதம். இதன் தொடக்கத்தில் உள்ள ‘திரு’ நம் செல்வத் திருவன்று; ‘த்ருக்’, அதாவது கண், காட்சி. கண்ணுக்கு ஒத்த கணக்கு என்பதே அதன் பொருள். 1829இல் அராலிக்குத் தேவைப்பட்டது இதுதான். பாதிரியார் கடல்கடந்து கொண்டுவந்த அதே மருந்து பாக்கு நீரிணைக்கு அக்கரையில் நானூறு ஆண்டுகளாக இருந்தது.

பூவரின் வழிக்கு மாற்றாக இன்னொரு வழியும் அக்காலத்திலேயே நடந்துகொண்டிருந்தது. போபாலை அடுத்த சீகோரில் ஆங்கில அரசியல் முகவராக இருந்த லான்சலட் வில்கின்சன், பாடசாலையில் புராணப் பூகோளத்தைக் கேள்வி கேட்கச் சித்தாந்த நூல்களையே கருவியாக எடுத்தார். பாஸ்கரர் சொன்னதிலிருந்து தொடங்கி, அங்கிருந்து கொப்பர்னிக்கசுக்கு மாணவனை அழைத்துச் செல்லலாம் என 1834இல் எழுதினார். அவருடைய ஊக்கத்தால் சுபாஜி பாபு, ஓங்கார பட்டர் என்னும் பண்டிதர்கள் தாமே புராண வானத்தை மறுத்து நூல் செய்தனர். மாணவனின் வீட்டை இடிக்காமல் சாளரத்தைத் திறந்த வேலை அது. வில்கின்சனும் ஆட்சியாளரின் ஆள்தான். அவருக்கும் உள்நோக்கங்கள் இருந்திருக்கும். ஆனால் அவருடைய வகுப்பறையில் மறுப்பவரும் மறுக்கப்படுவதும் ஒரே மொழிக்குள் இருந்தனர். வட்டுக்கோட்டையிலும் பூவருக்குப்பின் தலைமையேற்ற ஹொய்சிங்டன் இந்து வானியலைத் தமிழிலேயே முறையாகக் கற்று, 1848இல் ஒரு தமிழ்க் கணித நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேற்றினார். எதிரியின் ஏட்டை மதித்துப் படித்த அந்த உழைப்புக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் வினாவின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இராகுவை நிறுத்திக் கேள்வி கேட்ட வகுப்பறையில், கிபியோனில் சூரியனும் ஆயலோன் பள்ளத்தாக்கில் சந்திரனும் யோசுவாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றதை யார் கேள்வி கேட்டார்? அக்காலத்து ஆங்கில விவிலியங்களின் ஓரத்தில் உலகப் படைப்பின் ஆண்டாகக் கிறித்துவுக்குமுன் 4004 என்று அச்சிட்டிருந்தது. பாறைகளின் வயதை ஆராய்ந்தவர்கள் அக்கணக்குப் போதாது என்று சொல்லத் தொடங்கியிருந்தனர். பூவர் படித்த அந்தோவரிலேயே பேராசிரியரான மோசஸ் ஸ்டுவர்ட், புவியியலறிஞர் எட்வர்ட் ஹிட்ச்காக்கோடு 1836இல் இதுபற்றி வாதிட்டார். ஆதியாகமத்தின் ‘நாள்’ நாள்தான், அதன் பொருளைச் சொல்லப் பாறைக்கு உரிமையில்லை என்பது ஸ்டுவர்ட்டின் நிலை. மேருவை அளக்க எடுத்த கோல் சீனாய் மலையின் அடிவாரத்தில் கீழே வைக்கப்பட்டது. அதே அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில், மனிதன் தாழ்ந்த உயிரினத்திலிருந்து தோன்றினான் என வகுப்பில் கற்பித்ததற்காக 1925இல் ஓர் ஆசிரியருக்கு 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டதும், அச்சட்டம் 1967வரை ஏட்டில் இருந்ததும் பலரும் அறிந்தவை.

யாழ்ப்பாணத்தார் வாளாவிருக்கவில்லை. முதலில் விடையிறுத்தவர்கள் புலவர்களே. முத்துக்குமார கவிராயர் ஞானக்கும்மியும் யேசுமத பரிகாரமும் பாடினார். சண்டை கும்மி மெட்டில் தெருவுக்கு வந்தது. 1854இல் ஆறுமுக நாவலர் சைவ தூஷண பரிகாரத்தை வெளியிட்டார். சைவத்தில் எதைப் பழிக்கிறீர்களோ அதற்கு ஒப்பானது உங்கள் நூலிலும் உண்டு என்று விவிலியத்திலிருந்து இடம் காட்டிக் காட்டி எழுதிய நூல் அது. பீற்றர் பேர்சிவலோடு அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர் நாவலர். ஆதலால் கருவி கையிலேயே இருந்தது. அவருடைய வாதத்திறனுக்கு முன் தலைவணங்குகிறேன். ஆயினும் ஒன்று உறுத்துகிறது. ‘உன் நூலிலும் இருக்கிறது’ என்பது எதிரியின் வாயை அடைக்கும். வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அது விடையாகாது. சந்திரன் எங்கே இருக்கிறது என்பதைத்தான் அவன் கேட்டான்.

செமினரி மாணவர் சிலரின் பிற்கால வாழ்வை நோக்கினால், ஆசிரியர் எதிர்பாராத திசையில் அக்கேள்வி வளர்ந்தமை புலப்படும். வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தருக்கத்தைத் தமிழில் தர முயன்று நியாய இலக்கணம் எழுதினார். கறோல் விசுவநாதபிள்ளை அட்சரகணிதத்தைத் தமிழில் எழுதினார். நாவலருக்கு எதிராகச் சுப்பிரதீபம் எழுதிய அவரே பின்னர்ச் சைவத்துக்குத் திரும்பினார். எல்லாரினும் என்னைக் கவர்ந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சிறுப்பிட்டி என்னும் ஊர்ப்பெயரும் வைரவநாதர் என்னும் தந்தை பெயருமே அவருடைய முதலெழுத்துகளாய் இன்றும் நிற்கின்றன. வட்டுக்கோட்டையில் பயின்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானவர், பிற்காலத்தில் சைவராய் நின்று ‘விவிலிய விரோதம்’ என்றொரு நூல் எழுதினார். புராணத்தின்மேல் ஏவக் கற்றுக்கொடுத்த கேள்வி, கற்றுக்கொடுத்தவர் நூலின்மேலேயே திரும்பிற்று.

அதைவிடப் பெரிய பயனும் விளைந்தது என்பது என் கருத்து. 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என அவர் பதிப்பித்தபோது, ஏட்டில் இருப்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது, பல ஏடுகளை ஒத்து நோக்க வேண்டும், காலத்துக்குச் சான்று கேட்க வேண்டும் என்னும் மனப்பாங்கு அவர் பதிப்புரைகளில் ஓடுகிறது. அது வட்டுக்கோட்டையின் கணித மேசையிலிருந்து வந்ததென்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் யூக்கிளிட்டைப் படித்த கை அது என்பதை ஒவ்வொரு பதிப்புரையும் எனக்குச் சொல்கிறது. நம் வட்டத்தில் கலித்தொகையை அரங்கேற்றிப் பேசும் நண்பர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

பூவர் 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். அதே ஆண்டில் செமினரியும் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி அரச உத்தியோகத்துக்கு ஆள்களை உருவாக்குகிறதேயன்றி மதப்பணிக்கு உதவவில்லை என்பது அமெரிக்காவிலிருந்து வந்த குழுவினரின் முடிவு.

கவிஞர்கள் கேட்கக்கூடும்: அப்படியானால் நிலவை விழுங்கும் பாம்பைச் சங்கப் புலவர் பாடியது தவறா? பசலை பூத்த நெற்றிக்குப் பாம்பு பற்றிய மதியை உவமை சொன்னவர் வானியற் பாடம் நடத்தவில்லை. அவ்வரியைக் கேட்டு எவரும் குளிக்க ஓடுவதில்லை. தொலைவில் நின்று பார்த்தும் ஒன்றும் செய்ய இயலாதவளின் வேதனையை அப்பாம்பு சொல்கிறது. அவ்வளவில் அது மெய். அதே பாம்பைப் பாடப்புத்தகத்தில் காரணமாக எழுதி, கேட்ட பிள்ளையின் காதைத் திருகும்போதுதான் கவிதையும் கெடுகிறது, பாடமும் கெடுகிறது. பூவர் இந்த வேறுபாட்டைக் காணவில்லை. கவிதையையும் கூற்றையும் ஒரே தராசில் இட்டார். அவருக்கு மறுமொழி கூறியவர்களும் பாட்டென்று விட வேண்டியதைச் சாட்சியமாக்கிக் காப்பாற்ற முனைந்தனர். நானும் தமிழாசிரியனாய் இருந்தபோது, புராணப் பகுதி ஒன்றில் ஒரு மாணவி ஐயம் எழுப்ப, “இது கவிதை, பிள்ளை” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது விடையா, என் ஐயா காதைத் திருகியதன் மென்மையான வடிவமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அவள் அமர்ந்துவிட்டாள். அடுத்த கேள்வி அவளிடமிருந்து வரவில்லை.

2018ஆம் ஆண்டு ஜூலை 27 இரவு முழுச் சந்திர கிரகணம் ஒன்று வந்தது. முழு மறைப்பு 103 நிமிடம் நீடித்தது. பேத்தி என்னை உறங்கவிடவில்லை. ஆச்சியின் நினைவாக என் மனைவி பால் பாத்திரத்தின்மேல் தருப்பையை வைத்திருந்தார். அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேத்தி கொப்பியும் பென்சிலுமாக முற்றத்தில் நின்றாள். 11.54க்கு நிழல் தொடும் என்று பத்திரிகையில் படித்திருந்தோம். கிழக்கு விளிம்பில் கருமை தொட்டதும் உள்ளே ஓடிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து, 11.57 என்று எழுதினாள். “கணக்குப் பிழை, தாத்தா” என்றாள். எழுதியதை அழிக்க வேண்டாம் என்று சொன்னேன். மறுநாட் காலை வானொலிச் செய்தி தொடங்கிய வேளையில் பார்த்தோம். எங்கள் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அதையும் அவள் 11.57க்கு அருகில் சிறிய எழுத்தில் குறித்துவைத்திருக்கிறாள்.